பாம்பு விரட்டும் பொடி: ஆயர் ஈத்தாம் வீட்டில் இருபது நாள்

ஒரு கிலோ டப்பா 39 மலேசிய வெள்ளி 90 காசு. மகன் இணையக் கடையில் வாங்கினான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். காரணத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பொடி ஏன் பலிக்கவில்லை என்பதற்கான விடை பாம்பின் நாக்கிலும் மூளையிலும் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் அடுத்த முறை இப்படி ஒரு டப்பாவைக் கையில் எடுக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பொடியின் பெயரைப் போடவில்லை. வாங்கிய பிறகு பக்கத்து ஹார்ட்வேர் கடையில் போய்ப் பார்த்தேன், வேறு வேறு பெயரில் இன்னும் இரண்டு இருந்தன. மூன்றின் பின்பக்கத்திலும் அதே இரண்டு சரக்குதான்: கந்தகம், நாப்தலின் (பாச்சை உருண்டைச் சரக்கு). ஆகவே இது ஒரு டப்பாவைப் பற்றிய பேச்சே இல்லை.

எங்கள் வீடு பினாங்கில், கொடிமலை அடிவாரத்தில், வரிசை வீட்டில் கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் சிமெண்ட் தரை, பத்தடியில் லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய், அதற்கு அந்தப் பக்கம் வாழையும் புதரும், அப்புறம் மலைதான். ஆறு கோழி வளர்க்கிறோம். நான் இருபத்தாறு வருஷம் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் என் மாமியார், மகன், மருமகள், இரண்டு வயசுப் பேரன்.

சீனப் பெருநாள் முடிந்த வாரம், துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. இங்கே சாவா என்கிறோமே, அந்த ஜாதி. நீட்டிப் போட்டால் என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 999-க்கு அடித்தோம். போம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், வந்தார்கள், மெஷினை இழுத்தார்கள், கொக்கிக் குச்சியால் தலையை அமுக்கிப் பிடித்து கோணிப்பைக்குள் விட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். பாம்புக்கும் காயமில்லை, எங்களிடம் ஒரு காசும் வாங்கவில்லை. அந்தச் சேவைக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். பாம்பைப் பார்த்தால் தடியைத் தேடாதீர்கள், போனைத் தேடுங்கள்.

பினாங்குக்காரர்களுக்குச் சாவா புதிதில்லை. 2016-ல் பக்கத்திலேயே, பாயா தெருபோங்கில் மேம்பாலம் கட்டுகிற இடத்தில் பிடிபட்டது 8 மீட்டர் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. மகனுக்கு அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மருமகள் மறுநாளே பேரனைத் தூக்கிக்கொண்டு சுங்கை பட்டாணியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை திரும்பி வருவதற்குள் பாம்புப் பிரச்சினையை முடித்துவிட வேண்டும் என்றுதான் அவன் அந்தப் பொடிக்கு ஆர்டர் போட்டான். அவன் பயம் நியாயமானது. அவனைக் குறை சொல்லமாட்டேன்.

டப்பாவில் மலாயில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பாம்பின் மோப்ப நரம்பைத் தாக்கி மூளையைக் குழப்பும், பாம்பு வந்த வழியே திரும்பிப் போகும், முப்பது நாள் நிற்கும். வீட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு போட வேண்டும்.

போட்டோம். பாச்சை உருண்டைப் பெட்டிக்குள் தீக்குச்சியை உரசியது போல ஒரு நெடி. மாமியாருக்கு அன்று ராத்திரியே தலைவலி. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சுவருக்கு மேலே எட்டி, என்ன கொட்டினீர்கள் என்று கேட்டார். மூன்றாம் நாள் சாயந்திரம் மழை பெய்து பாதிக் கோடு லோங்காங்கோடு போய்விட்டது. மறுபடியும் போட்டோம். முப்பது நாள் நிற்கும் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்க விளக்கு வெளிச்சத்தில், லோங்காங் விளிம்பில் இன்னொரு சாவா ஏறி வந்தது. சின்னது, ஒரு மீட்டர்கூட இருக்காது. கதவு பூட்டியிருந்தது, நான் ஜன்னல் கம்பிக்கு உள்ளே இருந்தேன். சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆய்வகத்தில் இருந்த பழக்கம்.

கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் அது நின்றது. நாக்கை நீட்டியது. வெளியே வந்த நாக்கு உடனே உள்ளே போகவில்லை. நுனி மேலும் கீழும் அலைந்துவிட்டுத்தான் போனது. நாலைந்து தடவை அப்படி. அப்புறம் தலையை லேசாகத் தூக்கிப் பொடிக்கு மேலாகக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வைத்தது. உடம்பு பின்னாலேயே வந்தது. வால் பொடியைக் கலைத்துக்கொண்டு கடந்தது. அவ்வளவுதான். முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

அடுத்து அது செய்ததைத்தான் நான் மறக்கவே மாட்டேன். திரும்பிச் சுவரோரம் போனது. தலையைத் தரையோடு தாழ்த்தியது. இப்போது நாக்கு காற்றில் அலையவில்லை, தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், மறுபடி நடுவில். அப்படியே சுவரை விட்டு விலகாமல் கோழித் தீவன மூட்டை இருந்த மூலை வரைக்கும் போய் மூட்டைக்குப் பின்னால் நுழைந்துவிட்டது. அந்தச் சுவரோரம் எலி ஓடுகிற தடம். தினமும் ஓடி ஓடிச் சுவரின் அடியில் எண்ணெய்க் கறை மாதிரி கறுத்திருக்கும். எலியை நேரில் பார்க்காமலே, அது போன பாதையைத் தரையிலிருந்து படித்துக்கொண்டு போனது அந்தப் பாம்பு.

மறுபடி 999, மறுபடி அதே கோணிப்பை. மாமியார் எல்லாவற்றையும் கதவோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாம்பின் கால் பாம்பறியும்னு சொல்வாங்கம்மா. எலியின் காலையும் அறியும் போலிருக்கு.” அவர் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இருட்டில் எழுந்து பால்வெட்டப் போனவர். பாம்பு விஷயத்தில் அவர் சொல்லைத் தள்ளிவிட முடியாது.

எனக்கு அந்த ராத்திரி எங்கள் ஆய்வகத்து ஜாடி ஒன்று நினைவுக்கு வந்தது. ஃபார்மலினில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. ஜாடியில் விரிசல் விட்டதால் ஒரு முறை அதை வேறு ஜாடிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அப்போது உயிரியல் ஆசிரியை இடுக்கியால் அதன் வாயைத் திறந்து மேலண்ணத்தைக் காட்டினார். முன்பக்கத்தில், ஊசியால் குத்தியது போல இரண்டு பொட்டுத் துளைகள். “இதுதாங்கா பாம்போட ரெண்டாவது மூக்கு” என்றார். ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். லுட்விக் ஜேக்கப்சன் என்ற டென்மார்க் மருத்துவர் 1813-ல் பாலூட்டிகளிடம் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. பாம்பிடம் அது மிக நன்றாக வளர்ந்திருக்கிறது. அன்று கேட்டுக்கொண்டு ஜாடியை மூடிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து என் வீட்டுப் பின்கட்டில் அதைப் பார்த்தேன்.

பாம்பின் நாக்கில் சுவை மொட்டு கிடையாது. ருசி பார்ப்பது அதன் வேலையில்லை. ஈரத் துணியால் மேசையில் தூசி ஒற்றி எடுப்போமே, அந்த மாதிரி தரையிலும் காற்றிலும் இருப்பதை ஒற்றி எடுத்து உள்ளே கொண்டுபோவதுதான் வேலை. மேலுதட்டின் நடுவில் சின்னப் பள்ளம் இருப்பதால் வாயைத் திறக்காமலே நீட்டலாம். உள்ளே இழுத்ததும், ஒட்டி வந்த பொருள் அண்ணத்தில் இருக்கும் அந்தத் துளைகள் வழியாக ஜேக்கப்சன் உறுப்புக்குள் போகிறது.

நாக்கு ஏன் பிளந்திருக்கிறது? கருடன் அமுதக் கலசத்தைத் தர்ப்பைமேல் வைத்தான், ஆசையில் புல்லை நக்கிய பாம்புகளுக்கு நாக்கு அறுபட்டது என்று என் அம்மா சொல்வார். எனக்கு இன்றும் பிடித்த கதை. 1994-ல் கர்ட் ஷ்வெங்க் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இன்னொரு காரணத்தை எடுத்துவைத்தார். இரண்டு நுனியும் விரிந்து, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தொடுகின்றன. இடது நுனியில் எலியின் சுவடு அதிகமா, வலது நுனியில் அதிகமா என்று ஒப்பிட்டால் பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரிந்துவிடும். நமக்கு இரண்டு காது இருப்பதால் சத்தம் வரும் திசை தெரிகிறதே, அதுபோல. அன்றைக்குச் சுவரோரம் நான் பார்த்த இடது, வலது, நடு என்ற அசைவு இதுதான். நம் முன்னோர் பாம்புக்குக் கட்செவி என்று பெயர் வைத்தார்கள், கண்ணே காது என்று. பார்த்ததைச் சொல்வதானால் நான் அதை நாமூக்கு என்பேன்.

சரி, மூளைக்கு வருவோம். டப்பாக்காரர் மூளையைக் குழப்புவதாகத்தானே சொல்கிறார்.

பாம்புக்கு நம்மைப் போல ஒரு சாதாரண மூக்கும் இருக்கிறது. காற்றில் ஆவியாக வரும் வாசனை அதில் படும். ஜேக்கப்சன் உறுப்போ காற்றில் எளிதில் பறக்காத கனமான மூலக்கூறுகளையும் பிடிக்கக்கூடியது: தோல் எண்ணெய், புரதம், இரை உரசிவிட்டுப் போன பிசுக்கு. இரண்டிலிருந்தும் கிளம்பும் நரம்புகள் தனித்தனி. மூளையின் முன்னால் அவை போய்ச் சேரும் குமிழ்களும் தனித்தனி. ஜேக்கப்சன் உறுப்பின் சேதி தன் குமிழிலிருந்து, அமிக்டலா பகுதியில் இருக்கும் நியூக்ளியஸ் ஸ்ஃபெரிக்கஸ் என்ற உருண்டையான நரம்புத் திரளுக்குப் போகிறது. பாம்பின் மூளையில் அது பார்த்ததும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்கும். அமிக்டலா பகுதியிலிருந்து ஹைப்போதலாமஸுக்கும் சேதி போகிறது. பசி, இணை சேர்வது இவற்றோடு தொடர்புள்ள பகுதி அது. ஆக, நாக்கு தொட்டெடுத்தது ‘துரத்து’, ‘தின்னு’, ‘இணை சேர்’ என்ற செயலாக மாறுவதற்கு இடையில் சில படிகள்தான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1970களில் நியூயார்க்கில் மிமி ஹால்பெர்ன், ஜான் கூபி என்ற இருவர், மண்புழு தின்னும் கார்ட்டர் என்ற வட அமெரிக்கப் பாம்புகளை வைத்துச் செய்தது. மண்புழுவின் சாற்றைத் தரையில் கோடாகத் தடவி, பாம்பு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறதா என்று பார்த்தார்கள். சாதாரண மூக்கின் நரம்பை வெட்டிய பாம்பு கோட்டைத் தொடர்ந்து போனது. ஜேக்கப்சன் உறுப்பின் நரம்பை வெட்டியதால் கோடு இருந்தும் அதைத் தொடர முடியவில்லை. படித்ததும் டப்பாவை எடுத்து மறுபடி பார்த்தேன். நாப்தலின் ஆவி. அது பலமாகப் போய் மோதும் இடம், வழி தேடுவதற்குப் பாம்பு நம்பியிருக்காத அந்த மூக்கு.

நாப்தலின் பாம்புக்குத் தெரியவே தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்ததால்தான் கோட்டின் முன்னால் நின்று நாலைந்து தடவை நாக்கை நீட்டியது. மூக்கு பாம்புக்கு வாசல் மணி மாதிரி. ஏதோ புதிதாக இருக்கிறது என்று சொல்லும், உடனே நாக்கு வெளியே வரும். வந்திருப்பது யார் என்று தீர்ப்பது ஜேக்கப்சன் உறுப்பும் அதன் பின்னால் இருக்கும் மூளையும். அங்கே போய்ப் பார்த்தால் நாப்தலின் இரையில்லை, துணையில்லை, எதிரியுமில்லை. கோட்டுக்கு அப்பாலோ எலித்தடம் இருக்கிறது.

இரை எது என்ற அறிவு பிறவியிலேயே வருகிறது. 1960களில் கோர்டன் பர்கார்ட் என்ற அமெரிக்கர், பிறந்து ஒன்றுமே தின்றிராத கார்ட்டர் பாம்புக் குட்டிகளின் முன்னால், இரையின் சாற்றில் நனைத்த பஞ்சை நீட்டினார். வேகமாக நாக்கை நீட்டிவிட்டுப் பஞ்சைக் கவ்வ வந்தன. வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சிடம் அப்படிச் செய்யவில்லை. கலிபோர்னியாவில் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தார் ஸ்டீவன் அர்னால்ட். கடலோர ஈரக்காட்டில் ஓடில்லாத நத்தை நிறைய. அங்கத்துக் கார்ட்டர் பாம்பின் குட்டி நத்தை வாசம் தொட்டாலே பாய்கிறது. நத்தை இல்லாத உள்நாட்டு மலைப்பகுதிக் குட்டி, அதே இனம்தான், பெரும்பாலும் திரும்பியே பார்க்கவில்லை. எந்தச் சுவடு உணவு என்பது வழிவழியாக மூளைக்குள் எழுதப்பட்டிருக்கிறது. பின்கட்டில் நாம் தூவும் ஒரு கோடு அதை அழித்துவிடாது.

பாம்பை அசைக்கும் வேதிப்பொருளே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவின் கிலுகிலுப்பை விரியனைத் தின்னும் கிங் ஸ்னேக் என்று ஒரு பாம்பு உண்டு. அதன் தோலின் வாசம் பட்டாலே விரியன் தலையைத் தரையோடு அழுத்தி, நடு உடம்பைப் பாலம் மாதிரி வளைத்துத் தூக்கும். எதிரிக்கு மட்டும் காட்டும் தோரணை அது. அதே விரியன் எலியைக் கொத்தினால் விட்டுவிடும். எலி ஓடிப்போய் எங்கேயோ சாகும். விரியன் நாக்கை வேகமாக நீட்டிக்கொண்டே தேடிப்போய், வழியில் எத்தனை எலித்தடம் குறுக்கிட்டாலும் தான் கொத்திய எலியின் தடத்தைப் பிரித்தெடுக்கும். அதன் விஷமே எலியின் வாசத்தை மாற்றி அடையாளம் வைத்துவிடுகிறது. இவ்வளவு நுட்பமாகப் படிக்கிற உயிரை வெறும் நாற்றத்தால் குழப்பிவிடலாம் என்று நினைப்பது சரியில்லை.

மாமியார் சொன்ன பழமொழிக்கும் ஆதாரம் இருக்கிறது. கனடாவில் மனிடோபா மாநிலத்தில் நார்சிஸ் என்ற ஊர். வசந்தம் வந்ததும் நிலத்தடிக் குழிகளிலிருந்து பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் வெளியே வரும். ஒரு பெண்ணைச் சுற்றிப் பல ஆண்கள் உருண்டையாகப் பின்னிக்கொள்ளும். பெண்ணின் தோலில் இருக்கும் கொழுப்புப் பொருள்தான் ஆணை இழுக்கிறது என்று ராபர்ட் மேசனும் கூட்டாளிகளும் பிரித்தெடுத்து 1989-ல் காட்டினார்கள். அந்தப் பொருள் நாக்கில் படாமல் ஆணுக்கு ஒன்றும் தோன்றாது. ஒரு பெண் ஊர்ந்துபோன தரையை நாக்கால் தொட்டே ஆண் பின்தொடரும். பாம்பின் கால் பாம்பறியும். நம் ஆட்கள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வந்த சாவா முதலாவதைத் தேடி வந்ததா என்று மகன் கேட்டான். இல்லை என்றுதான் நினைக்கிறேன். முதலாவது கிடந்த மெஷின் பக்கம் அது திரும்பவே இல்லை, எலித்தடத்தில்தான் போனது.

அப்புறம், பினாங்கில் இருக்கிற நமக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. பாயான் லெப்பாஸில், சுங்கை குளுவாங்கில் உள்ள பாம்புக் கோயில். 1850 வாக்கில் கட்டினார்கள், சோர் சூ காங் என்ற துறவியின் நினைவாக. காட்டுப் பாம்புகளுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார் என்பது ஐதீகம். உள்ளே ஊதுவத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அந்தப் புகையில்தான் பச்சையும் மஞ்சளுமான விரியன்கள் கிளையில் அசையாமல் கிடக்கின்றன. மலாயில் காப்பாக் தோக்கோங் என்பார்கள், கோயில் விரியன் என்று பொருள். புகை மயக்கிவிடுகிறது என்று சின்ன வயசில் எங்களுக்குச் சொல்லுவார்கள். அந்த இனம் காட்டில் இருந்தாலும் பகலில் அப்படித்தான், ஒரே கிளையில் அசையாமல் இரைக்காகக் காத்திருக்கும். நெடி அடித்தால் பாம்பு ஓடிவிடும் என்றால் அந்தக் கோயிலுக்கு அந்தப் பெயரே நிலைத்திருக்காது.

இந்தக் கந்தக-நாப்தலின் கலவையை அமெரிக்காவில் 1990களிலேயே பாம்புகளிடம் வைத்துச் சோதித்துவிட்டார்கள். பாம்புகள் கோட்டைக் கடந்து போயின. அதற்கு முன்பே கந்தகம், பாச்சை உருண்டை என்று வீட்டு வைத்தியங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எதுவும் தடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இலவங்கப்பட்டை எண்ணெய் பற்றிக் கேட்பவர்களுக்கு: குவாம் தீவில் பறவைகளை அழித்த பழுப்பு மரப்பாம்பின் மேல் அதை நேராகத் தெளித்தபோது அது துடித்து ஓடியது உண்மை. சரக்குப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பாம்பை வெளியே வர வைக்க உதவும் வழி அது. வாசலில் தடவி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதற்கில்லை. அதே குவாமில் ஆட்கள் அந்தப் பாம்பைக் கொல்லக் கடைசியில் கையில் எடுத்தது செத்த எலியைத்தான். பாரசிட்டமோல் மாத்திரை வைத்த செத்த எலி. இரை வாசத்துக்குப் பாம்பு வரும். அது ஒன்றை நம்பலாம்.

விற்ற கடைக்கு எழுதினேன். கோடு இடைவெளி இல்லாமல் போட்டீர்களா என்று கேட்டார்கள். சரி என்று பதின்மூன்றாம் நாள் இடைவெளியே இல்லாமல் தடிமனாகப் போட்டோம். பதினைந்தாம் நாள் காலையில் பார்த்தால் பொடியில் சின்னச் சின்ன எலிக் கால்தடம், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். எலியே கடக்கிறது என்றால் அதன் பின்னால் வருவது நிற்குமா?

இதுவரை சொன்னது காசு வீண் என்கிற அளவில். இனிச் சொல்லப் போவதை, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் தயவுசெய்து படியுங்கள்.

இருபதாம் நாள் மருமகள் பேரனோடு வந்தாள். காரிலிருந்து இறங்கி கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள். “அத்தை, இது என்ன வாசம்? ஊபாட் கெகாட் மாதிரி இருக்கே” என்றாள். மலாயில் பாச்சை உருண்டைக்கு அதுதான் பெயர். டப்பாவைக் காட்டினேன். நாப்தலின் என்ற எழுத்தைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேரனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. நம் நாட்டில் பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கும் சொன்னார்கள், அட்டையும் கொடுத்தார்கள். தவிர்க்க வேண்டியவற்றில் பாச்சை உருண்டை முக்கியமானது. அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நாப்தலின் ஆவி இரத்தச் சிவப்பணுவை உடைக்கக்கூடியது. மஞ்சள் காமாலை, இரத்தசோகை என்று ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்விடும். அட்டையில் பாச்சை உருண்டை என்று இருந்தது, டப்பாவில் நாப்தலின் என்று இருந்தது, அதுவும் பொடி எழுத்தில். இருபத்தாறு வருஷம் இரசாயனப் புட்டிகளைத் துடைத்து அடுக்கிய நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. மருமகள் மறுபடி அம்மா வீட்டுக்குப் போனாள். நானும் மகனும் அன்றைக்கே பொடியைக் கூட்டி அள்ளி, தரையைக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து போட்டோம். நெடி முழுசாகப் போன பிறகுதான் பிள்ளையைக் கூட்டி வந்தோம்.

பிறகு என்ன செய்தோம் என்றால், எலியின் பாதையை எடுத்துவிட்டோம். கோழித் தீவனத்தை இறுக்கமான மூடியுள்ள தகர டின்னுக்கு மாற்றினோம். சுவரோரக் கறையை, கையுறை போட்டுக்கொண்டு, ப்ளீச் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சலும் வரும், ஆகவே எப்படியும் செய்ய வேண்டிய வேலை. லோங்காங்கிலிருந்து வரும் குழாய் வாயில் மகன் நெருக்கமான கம்பி வலை அடித்தான். கோழிக் கூண்டை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினோம், சிந்துகிற தீவனத்தைச் சாயந்திரமே கூட்டிவிடுகிறேன். வேலிப்பக்கப் புதரை வெட்டினோம். டின், வலை, ப்ளீச் எல்லாம் சேர்த்து 46 வெள்ளி ஆயிற்று. நாலு மாசம் ஆகிறது. எலிப் புழுக்கை இல்லை, பாம்பும் எங்கள் பின்கட்டுக்கு ஏறவில்லை. மலையில் அது இருக்கிறது, இருக்கட்டும். இப்போது டுரியான் காலம், தின்ற தோலையும் கொட்டையையும் பின்னால் வீசாமல் அன்றன்றைக்கே கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுகிறோம்.

பொடிக்கு ஐந்துக்கு ஒன்று போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே போட இடமில்லை.

மீதி அரை டப்பா இருக்கிறது. லோங்காங்கில் கொட்ட எனக்கு மனசில்லை. அந்தத் தண்ணீர் ஆயர் ஈத்தாம் ஆற்றுக்குத்தான் போகிறது. இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, வெளியே கார் நிறுத்துமிடத்துப் பூட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மகன் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் ஆலைக்கு இரசாயனக் கழிவு எடுக்கும் லாரி மாசம் ஒரு முறை வருமாம், எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.